பேர் வெட்டிய சவுண்டு பாக்ஸ்

முப்பத்தொரு வருடம் சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கியவன் நான். பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. பவுண்டரியில் உருக்கி வார்த்த இரும்புக் காஸ்டிங்குகள் வந்து இறங்கும். சின்னச் சுத்தியல் ஒன்றை வைத்து ஒவ்வொன்றையும் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பேன். நல்ல காஸ்டிங் கிண்ணென்று நீளமாக ஒலிக்கும். உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் பாதியிலேயே செத்துவிடும். செத்தது என்றால் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்து ஓரமாகத் தள்ளிவிடுவேன். கண்ணால் பார்த்து நல்லது கெட்டது சொல்கிறவர்களை நான் மதித்ததே இல்லை.

ரிட்டயர் ஆன அன்றைக்குச் சுத்தியலைக் கம்பெனியில் ஒப்படைத்தேன். சந்தேகத்தை ஒப்படைக்கவில்லை. கேஸ் சிலிண்டர் வந்தால் எடை போட்டுப் பார்ப்பேன். இளநீர்க்காரர் ஒரு காயை எடுத்தால் அதை விட்டுவிட்டுப் பக்கத்துக் காயைக் கேட்பேன். கல்யாண வீட்டுக்குப் போனால் இடது செருப்பை வாசலின் ஒரு மூலையிலும் வலது செருப்பை இன்னொரு மூலையிலும் கழற்றிவிடுவேன். வீட்டில் எவர்சில்வர் டம்ளர் முதல் தண்ணீர் மோட்டார் வரைக்கும் என் பேரின் முதலெழுத்தும் ஊர்ப் பேரின் முதலெழுத்தும் வெட்டியிருக்கும். டவுன்ஹால் பக்கம் ஒரு பாத்திரக்கடையில் பேர் வெட்டுகிறவர் என்னைத் தூரத்தில் பார்த்தாலே மெஷினின் பிளக்கைச் சொருகிவிடுவார். “எம்முதுகுல மட்டுந்தானுங்க இன்னும் வெட்டல” என்பாள் என் மனைவி.

இப்படிப்பட்ட ஆள் பழைய கிராமபோன் சேர்க்கிறவர்களோடு போய்ச் சேர்ந்தது பொருத்தம்தான். அங்கே எல்லாரும் என் ஜாதி. வருடத்துக்கு ஒரு முறை கோயமுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்துக் கண்காட்சி வைப்போம். இந்த வருடக் கண்காட்சியில்தான் என் பழைய நண்பர் ஒருவரைத் திருடர் என்று நான் முடிவு கட்டினேன். முடிவு கட்டியதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அவர் அன்னூர்க்காரர். அங்கே மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். என்னைவிட ஆறேழு வயது இளையவர். நாங்கள் பழகி இருபது வருடம் ஆகிறது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் வால்பாறையில் ஓர் எஸ்டேட் பங்களாவைக் காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இருவரும் அவருடைய வேனில் போனோம். ஸ்டோர் ரூமில் இரண்டு கிராமபோன்கள். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே மாதிரிப் பித்தளைக் குழாய். “மொதல்ல நீங்க எடுத்துக்குங்ணா” என்றார் அவர். நான் ஒரு மணி நேரம் இரண்டையும் தட்டியும் திருகியும் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்தேன். மலையை விட்டு இறங்கும்போது நாற்பது கொண்டை ஊசி வளைவிலும் எனக்கு ஒரே யோசனைதான். முதலில் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார் என்றால் மற்றதில் ஏதோ விசேஷம் இருக்க வேண்டும்.

கிராமபோனுக்கு உயிர் அதன் சவுண்டு பாக்ஸ். உளுந்து வடை அளவில் வட்டமாக இருக்கும். கீழே ஊசி, நடுவில் காகிதம்போல் மெல்லிய மைக்கா தகடு. இசைத்தட்டின் கோட்டில் ஊசி நடுங்கும். அந்த நடுக்கம் மைக்காவுக்கு ஏறிச் சத்தமாகி, குழாய் வழியாக வெளியே வரும். கரண்டும் கிடையாது, ஸ்பீக்கரும் கிடையாது. மைக்கா சரியில்லை என்றால் குழாய் எவ்வளவு பெரிதாக இருந்தும் பிரயோஜனமில்லை. அந்தக் காலத்து மைக்கா பாக்ஸ் பழுதில்லாமல் கிடைப்பது இன்றைக்குக் குதிரைக்கொம்பு.

எங்கள் வீட்டில் அந்தக் கிராமபோனுக்கு வேறொரு வேலையும் இருந்தது. மனைவிக்கு நாலைந்து வருடமாகக் காது மந்தம். காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம். “மண்ணை அள்ளிக் காதுல போட்டாப்பல இருக்குதுங்க” என்று சொல்லி அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். போனில் வருகிற பாட்டு அவளுக்குப் பிடிபடாது. டிவியும் அப்படித்தான். மத்தியானம் சாப்பாட்டுக்கு மேல் கிராமபோனுக்குச் சாவி கொடுத்து ஒரு தட்டு வைத்தால் மட்டும், குழாய்க்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து முழுதாகக் கேட்பாள். அந்த மூன்று நிமிடம் அவள் முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் மத்தியானத் தூக்கத்தை விட்டேன்.

போன வருடம் ஒரு நாள், கண்காட்சியில் யாருடைய சவுண்டு பாக்ஸோ மாறிவிட்டதாக எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் பேச்சு வந்தது. மறுநாள் காலையிலேயே என்னுடையதைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு டவுன்ஹால் போனேன். பேர் வெட்டுகிறவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதென்ன சாமானுங்க? தாங்குங்களா?” என்றார். “நீங்க வெட்டுங்க” என்றேன். பின்பக்கத்து விளிம்பில் இரண்டு எழுத்தும் பக்கத்தில் ஒரு சின்ன வேலும் வெட்டிக் கொடுத்தார். மெஷின் டர்ரென்று அதிரும்போது எனக்கு மனசு நிறைந்தது. இனி எவன் எடுத்தாலும் தப்ப முடியாது.

அதற்கப்புறம் ஒரு மாதம் இருக்கும். “பாட்டு முன்ன மாதிரி இல்லீங்க” என்றாள் மனைவி. நான் கேட்டுப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. “பாட்டு அப்படியேதான் இருக்குது அம்மணி, உன் காதுதான்” என்றேன். அவள் ஸ்டூலை இன்னும் ஒரு முழம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

பிறகு ஸ்பிரிங் வழுக்க ஆரம்பித்தது. பாதித் தட்டிலேயே வேகம் குறைந்து பாட்டு இழுத்தது. அன்னூருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு நாள் வேலை. அவர் இரண்டு வாரம் வைத்திருந்தார். போனில் கேட்டால், “ஸ்பிரிங்கைக் கழட்டிக் கிரீஸ் போட்டுட்டு இருக்கறேனுங்ணா” என்பார். பதினைந்தாம் நாள் அவரே வேனில் கொண்டுவந்து இறக்கினார். கூலி என்று எதையும் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். எனக்கு அதுவே உறுத்தியது.

அவர் போனதும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். பெட்டிக்கு அடியில் என் எழுத்து இருந்தது. குழாயில் இருந்தது. சாவியிலும் இருந்தது. சவுண்டு பாக்ஸைக் கழற்றப் போகும்போது மனைவி வந்து, “மொதல்ல ஒரு பாட்டு வெய்ங்க” என்றாள். வைத்தேன். சத்தம் கணீரென்று வந்தது. அவள் ஸ்டூலைக் கையில் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்து, நகர்ந்து, சமையல்கட்டு நிலைப்படி வரைக்கும் போய் உட்கார்ந்து கேட்டாள். அங்கிருந்தே தலையை ஆட்டினாள். பாட்டு முடிந்து நான் மறுபடி சவுண்டு பாக்ஸில் கை வைத்ததும் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நல்லாப் பாடறதை எதுக்குங்க நோண்டறீங்க?” என்றாள். அவள் சிரித்துக்கொண்டே சொன்னதால் விட்டுவிட்டேன். அதற்கப்புறமும் நான் அதில் கை வைக்கும்போதெல்லாம் அவள் பக்கத்தில் வந்து நின்றுவிடுவாள். ஸ்பிரிங்குக்குக் கிரீஸ் போட்டால் வேகம்தானே சீராகும், சத்தம் எப்படிக் கூடும் என்கிற கேள்வி மட்டும் மனசில் ஓர் ஓரத்தில் கிடந்தது.

இந்த வருடக் கண்காட்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவிநாசி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு மண்டபத்தில் நடந்தது. மனைவியும் வந்தாள். வழக்கமாக வரமாட்டாள். “எல்லாப் பொட்டியும் பாடுமில்லீங்க, கேட்டுட்டு வாரேன்” என்று அவளே கிளம்பியது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வெளியாள் ஒருவர் உள்ளே வந்தால் இதைப் பொருட்காட்சி என்று நினைத்துக்கொள்வார். உள்ளே நடப்பது வேறு. மேஜை மேஜையாகப் பித்தளைக் குழாய்கள் பூவாக விரிந்திருக்கும். அவற்றில் பாதி போன மாதம் அடித்தவை. புதுப் பித்தளைக்கு ஆசிட் தடவிப் பச்சை பிடிக்க வைத்து, தாத்தா காலத்துச் சாமான் என்பார்கள். நான் குழாயைப் பார்க்கவே மாட்டேன். குனிந்து திருகாணியைப் பார்ப்பேன். நூறு வருடத்துப் பெட்டியில் ஸ்டார் ஸ்க்ரூ இருந்தால் அது எந்தத் தாத்தா முடுக்கியது? அப்படிப்பட்ட மேஜைக்காரர்கள் நான் குனிவதைப் பார்த்ததும் காபி சாப்பிட்டீங்களா என்று விசாரிக்க ஆரம்பிப்பார்கள்.

நல்ல பெட்டி வைத்திருப்பவர்கள் இன்னும் மோசம். நம்பர் பிளேட் மேல் டேப் ஒட்டியிருப்பார்கள். நம்பரைக் குறித்துக்கொண்டுபோய் யாராவது என்ன செய்துவிடுவார்களோ என்று பயம். என்ன செய்ய முடியும் என்று யாருக்கும் தெரியாது. நானும் ஒட்டியிருந்தேன். அதைவிட முக்கியமான வழக்கம், பொருள் எங்கே கிடைத்தது என்று உண்மையைச் சொல்லக் கூடாது. கோபிசெட்டிபாளையத்திலிருந்து வரும் ஒருவர் ஊசி டப்பாக்கள் சேர்க்கிறார். அவரிடம் கேட்டால் கரூர் என்பார், அடுத்த ஆள் கேட்டால் காரைக்குடி என்பார். என் பெட்டி ஊட்டியில் கிடைத்தது என்று பன்னிரண்டு வருடமாகச் சொல்லி வருகிறேன். அன்னூர்க்காரர் மட்டும் யார் கேட்டாலும், “வால்பாறைங்க. ரெண்டு இருந்துச்சு, அண்ணன் ஒண்ணு எடுத்தாரு, நான் ஒண்ணு எடுத்தனுங்க” என்று சொல்லி என் மானத்தை வாங்குவார்.

அவருடைய மேஜை எனக்கு நாலு மேஜை தள்ளி இருந்தது. பத்து மணிக்கு வேனை நிறுத்தி வைக்கப் போயிருந்தார். நான் சும்மா அங்கே போய் நின்றேன். கை சும்மா இருக்குமா? சவுண்டு பாக்ஸைப் பாதித் திருப்புத் திருப்பி, போன் லைட்டை அடித்துப் பின்பக்கம் பார்த்தேன்.

புள்ளி புள்ளியாக என் எழுத்து. பக்கத்தில் வேல்.

ஒரு நிமிடம் எனக்கு மண்டபத்துச் சத்தமே கேட்கவில்லை. என் மேஜைக்கு வந்து என்னுடையதைக் கழற்றிப் பார்த்தேன். விளிம்பு வழவழவென்று இருந்தது. எழுத்தும் இல்லை, வேலும் இல்லை. கோபத்தில் காது மடல் சூடாகிவிட்டது. இருபது வருடப் பழக்கம். என் வீட்டில் கை நனைத்தவர். என் மனைவியை வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுகிறவர். இரண்டு வாரம் ஏன் ஆனது என்று இப்போது தெரிந்தது. கூலி ஏன் வாங்கவில்லை என்று தெரிந்தது. வால்பாறையில் என்னை முதலில் எடுக்கச் சொன்னதற்கும் காரணம் தெரிந்துவிட்ட மாதிரி இருந்தது. நான் எடுத்ததுதான் நல்லது. அதைக் கையில் வாங்கப் பன்னிரண்டு வருடம் காத்திருந்திருக்கிறார்.

என் பெட்டியில் இப்போது இருப்பது அவருடைய நல்ல சவுண்டு பாக்ஸாக இருக்கலாமே, இதுதானே ஆறு மாதமாகக் கணீரென்று பாடுகிறது என்கிற நினைப்பு எனக்கு வரவே இல்லை. என் எழுத்து இருப்பது என் பொருள், என் பொருள்தான் உயர்ந்தது. அதற்கு மேல் மூளை போகவில்லை.

அவர் திரும்பி வந்ததும் அருகில் போனேன். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டேன்.

“மத்தியானம் பாட வெக்கறீங்களா?” என்றேன்.

“இல்லீங்ணா. பேர் குடுக்கல. சும்மா பார்வைக்குத்தான் வெச்சிருக்கறேன்.”

“ஏனுங்க?”

“எதுக்குங்ணா, உங்குளுது பாடுனாப் போதாதா” என்று சிரித்தார்.

பாட வைத்தால் சத்தத்தை வைத்து நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று பயம். அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். ஆனால் நாலு பேர் நடுவில் கேட்டால், அவர் ஏதாவது சொல்லிச் சமாளிப்பார், கூட்டத்தில் பாதிப் பேர் அவர் பக்கம் நிற்பார்கள். அவரை எல்லாருக்கும் பிடிக்கும். என்னை அவ்வளவாகப் பிடிக்காது. நான் வேறு வழி யோசித்தேன்.

மத்தியானம் கீழே பந்தி போட்டார்கள். அரிசிம்பருப்பு சாதத்தின் வாசம் மேலே வந்ததும் மண்டபம் காலியாகிவிட்டது. மனைவியை முன்னால் அனுப்பிவிட்டு, பெட்டிக்குத் துணி மூடுகிற மாதிரி நின்றேன். அந்த மாடலில் சவுண்டு பாக்ஸைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம், கையால் திருகினால் வந்துவிடும். அவருடைய பெட்டியில் இருந்த என்னுடையதைக் கழற்றி என் பெட்டியில் போட்டேன். என்னுடையதில் இருந்ததை அவருடைய பெட்டியில் போட்டேன். அரை நிமிடம்தான் ஆனது. என் சொந்தப் பொருளை எடுக்கிறேன் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டேதான் எடுத்தேன். ஆனாலும் படிக்கட்டுப் பக்கம் ஒரு கண் இருந்தது. கீழே போய் அவருக்கு எதிர் வரிசையிலேயே உட்கார்ந்து இரண்டு முறை சாதம் வாங்கிச் சாப்பிட்டேன்.

மூன்று மணிக்குப் பாட்டு ஆரம்பம். எங்கள் கண்காட்சியில் அதுதான் முக்கியம். மைக் வைக்க மாட்டோம். ஒவ்வொரு பெட்டியாக மேடைக்கு வந்து ஒரு தட்டு பாடும். கடைசி வரிசைக்குக் கேட்கிறதா என்பதுதான் பரீட்சை. அந்த நேரத்துக்கு ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். வெயில் நாளில் அறுபது எழுபது பேர் விசிறிக்கொள்ளாமல், இருமாமல், வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

சீட்டுக் குலுக்கியதில் எனக்கு நாலாவது. பெட்டியை மேடையில் வைத்து, “ஊட்டிப் பக்கம் ஒரு பங்களாவில் இருந்ததுங்க” என்று வழக்கமான பொய்யைச் சொன்னேன். சாவி கொடுத்தேன். புது ஊசி போட்டேன். ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி, அதில் நான் ஒழுங்கு. நாதஸ்வரத் தட்டு ஒன்றை வைத்து ஊசியை இறக்கினேன். முன் வரிசையில் மனைவி உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது வரிசையில் ஓரமாக அன்னூர்க்காரர்.

முதல் பத்து விநாடி ஒன்றுமில்லை. நாதஸ்வரம் மேலே ஏறியதும் குழாய்க்குள்ளிருந்து ஜர்ரென்று ஒரு சத்தம் வந்தது. தகர டப்பாவில் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி. வாசிக்கிறவர் ஏற ஏற வண்டும் ஏறியது. கீழே இறங்கினால் சத்தம் பாதியில் செத்தது. அந்தச் செத்த சத்தத்தை எனக்குத் தெரியும். முப்பத்தொரு வருடம் கேட்ட சத்தம். விரிசல்.

யாரோ ஒருவர் பின்னாலிருந்து, “குழாய் புதுசாட்ட இருக்குதுங்களே” என்றார். இன்னொருவர் எழுந்து மேடைக்குப் பக்கத்தில் வந்து குனிந்து என் பெட்டியின் திருகாணியைப் பார்த்தார். நான் ஆயிரம் பேருக்குச் செய்தது அது. எனக்குச் செய்து இப்போதுதான் பார்க்கிறேன்.

அதுகூடப் பெரிதில்லை. மனைவி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். காதுக்குப் பின்னால் உள்ளங்கையைக் குவித்து வைத்தாள். பிறகு அந்தக் கையை எடுத்துவிட்டு மறு காதைக் கொடுத்துப் பார்த்தாள். சுற்றியிருப்பவர்கள் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்தது பயம். பெட்டி கெட்டுவிட்டது என்று அவள் நினைக்கவில்லை. காது இன்னும் போய்விட்டது என்று நினைத்துவிட்டாள். போன வருடம் அவளுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தவன் நான்தானே.

அன்னூர்க்காரர் எழுந்தார். நேராகத் தன் மேஜைக்குப் போய்த் தன் பெட்டியின் சவுண்டு பாக்ஸைத் தொட்டுப் பார்த்தார். அங்கிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு மேடை இரண்டாகப் பிளந்தால் தேவலை என்று இருந்தது. அவர் கைக்குட்டையில் எதையோ சுற்றிக்கொண்டு மேடை ஏறி வந்து ஊசியைத் தூக்கினார்.

“ஒண்ணுமில்லீங்க. ஊசி மொண்ணை. மாத்திப்போட்டு வெக்கறோம்” என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று, சவுண்டு பாக்ஸை மாற்றிப் போட்டார். என் எழுத்து வெட்டியதைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். புது ஊசி போட்டுத் தட்டைத் திரும்ப முதலிலிருந்து வைத்தார். நாதஸ்வரம் கடைசி வரிசை வரைக்கும் போனது. மனைவி மெதுவாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். பாட்டு முடிந்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். திருகாணி பார்த்தவரும் தட்டினார்.

மண்டபத்துக்குப் பின்னால் கை கழுவும் இடத்தில் அவரைப் பிடித்தேன். 

“சாப்பாட்டு நேரத்துல மாத்துனீங்களாங்ணா?” என்று அவர்தான் கேட்டார்.

“ஆமாங்க.”

“நெனச்சேன்.”

“எம்பேர் வெட்டுன சாமான் உங்க பொட்டீல இருந்துச்சுங்களே.”

“இருந்துச்சுங்க. நான் மறைச்சு வெக்கலீங்களே.” பைக்குள்ளிருந்து எடுத்து வெளிச்சத்துக்குக் காட்டினார். “இங்க பாருங்ணா. மைக்காவுல மயிரிழையாட்ட ஒரு கோடு ஓடுது. எங்க ஆரம்பிக்குதுன்னு பாருங்க. நீங்க எழுத்து வெட்டுன எடத்துக்கு நேர் முன்னாடி. அந்த மெஷின் அதிர்ச்சியில உட்டுப்போச்சு. மொதல்ல பொடிசா இருந்திருக்கும், பாடப் பாட நீண்டுபோச்சு. நானும் ரெண்டு வாரம் என்னென்னமோ பண்ணிப் பாத்துட்டேன். வேற மைக்காவும் அளவுக்குக் கிடைக்கல. செரின்னு என்னுதைக் கழட்டி உங்குளுதுல போட்டு உட்டுட்டேன்.”

நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். திருடனைப் பிடிக்க நான் வெட்டிய எழுத்து அதை உடைத்திருக்கிறது. காஸ்டிங்கைத் தட்டிச் சொல்கிற என் காது, வீட்டில் தினமும் பாடியதைக் கேட்டும் சொல்லவில்லை. காது கேட்காதவள் சொன்னாள்.

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே” என்றேன்.

“சொன்னா, குடுக்கும்போது நல்லாத்தான இருந்துச்சும்பீங்க. நாந்தான் ஒடச்சுபோட்டேன்னு உங்களுக்குத் தோணிப்போகும். செரி, நல்லதைத் தாரேன்னு சொன்னா, எதுக்குத் தாரான்னு ஒரு வாரம் தூங்க மாட்டீங்க.” அவர் குரலில் கோபமே இல்லை. பட்டறைக்கு வந்த மோட்டாரில் என்ன பழுது என்று சொல்வது மாதிரி சொன்னார். 

“உங்குளுதை நீங்களே எடுத்துக்குங்க. எனக்கு வேண்டாமுங்க” என்றேன். வெட்கத்தில்தான் சொன்னேன். ஆனால் சொல்லும்போது அது ரோஷம் மாதிரிதான் வந்தது.

அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். “அதை உங்களுக்குக் குடுக்கலீங்ணா. அக்காவுக்குக் குடுத்தது. வேண்டாமுன்னு சொல்றதுன்னா அவங்கதான் சொல்லோணும்” என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார்.

மேட்டுப்பாளையம் ரோட்டில் காரை ஓட்டிக்கொண்டு வரும்போது, கவுண்டம்பாளையம் தாண்டியதும் மனைவிக்குச் சற்றுத் தெளிவாகக் கேட்கிற காதுப் பக்கம் சத்தமாகக் கேட்டேன்.

“சவுண்டு பாக்ஸ் மாத்துனது உனக்குத் தெரியுமா?”

“தெரியுமுங்க. நீங்க இல்லாதப்ப ஊட்டுக்குப் போன் பண்ணி, கத்திக் கத்திக் கேட்டுட்டுத்தான் மாத்துனாரு.”

“ஆறு மாசம் எங்கிட்ட ஏன் சொல்லல?”

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். “சொல்லியிருந்தா அன்னைக்கே கழட்டிக் குடுத்துட்டு வந்திருப்பீங்க. எனக்குப் பாட்டுக் கேக்காதுங்க” என்றாள்.

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். அவள் சொன்னதில் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. அன்றைக்கே கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருப்பேன். அதை நேர்மை என்று எல்லாரிடமும் சொல்லியும் இருப்பேன். அவள் பழையபடி ஸ்டூலைக் குழாய்க்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டிருப்பாள்.

மறுநாள் மத்தியானம் தட்டு வைக்கும் முன், என் கை தானாகச் சவுண்டு பாக்ஸைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தது. பழக்கம். நிலைப்படியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவள் அதைப் பார்த்துவிட்டாள். எழுந்து வரப்போகிறவள் மாதிரி ஒரு காலைத் தரையில் ஊன்றினாள். நான் அதைச் சரியாகத் திருப்பி வைத்து ஊசியை இறக்கினேன்.

அந்த விளிம்பு இன்னும் வழவழவென்றுதான் இருக்கிறது. எங்கள் வீட்டில் நான் பேர் வெட்டாதது இரண்டுதான். ஒன்று அவள். இன்னொன்று அவளுடையது.